குறள் பரிசளிப்பு விழாவுக்கு மட்டும்தானா?

பரிசளிப்பு விழா என்றால் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பாடசாலைகளில் குறளுக்குக் குறைவில்லை. வரவேற்புரையில் ஒன்று, பிரதம விருந்தினர் உரையில் இரண்டு. ஆசிரியர் கூட்டத்தில் கடமை பிரிக்கும்போது மட்டும் ஒருவருக்கும் வள்ளுவர் ஞாபகம் வருவதில்லை. பொருட்பாலில் அரசியல் மட்டும் 25 அதிகாரம். ஆளை எப்படித் தெரிவது, வேலையை எப்படிக் கொடுப்பது என்று அவ்வளவு விரிவாகச் சொல்லி வைத்திருக்கிறார். 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு இந்தியாவில் பாரம்பரிய அறிவைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ அதை ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலை. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஓடுபாதை கீறும் பொறுப்பை, சேவை மூப்புப்படி, முழங்கால் வருத்தத்தோடு ஓய்வுக்குக் காத்திருந்த ஒரு ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பல்கலைக்கழக அணியில் ஓடிய இளம் ஆசிரியருக்குச் சிற்றுண்டிக் குழு. 400 மீட்டருக்கு வளைவைக் கணக்கெடுத்து, வெளிப்பக்கம் போகப் போகத் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போட வேண்டும். அன்று எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டார்கள். வெளிக்கரையில் ஓடிய பிள்ளை அழுதபோது, கோடு போடத் தெரிந்தவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து
அதனை அவன்கண் விடல்."

நாங்கள் ஆய்வதும் இல்லை, விடுவதும் இல்லை. பொறுப்பைக் கொடுத்த பிறகும் ஒரு பை சுண்ணாம்பு வாங்க அதிபரின் கையெழுத்துக்குக் காத்து நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியர்கள் இடமாற்றத்துக்கு நாள் எண்ணுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். எதையும் நம்பிக் கையில் தராத இடத்தில் ஒருவருக்கு எப்படி ஒட்டுதல் வரும்?

அப்புறம், இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் கெடுக்க ஒருவர் இல்லாமலே கெடுவான் என்கிறது 448ஆம் குறள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருடத்தில், சிறுபோக நெற்செய்கை பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அரச அதிபரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் முன்னால் இருக்க, ஒரு கமக்காரர் எழும்பி "ஐயா, உங்கட கணக்குப் பிழை" என்பார். அந்த மனிதரின் பிள்ளை படிக்கிற பாடசாலையின் ஆசிரியர் கூட்டத்தில் "ஓம் சேர்" என்பதைத் தவிர வேறு சத்தம் கேட்காது.

பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. துரோணர் ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டதும் அதே மரபில்தான். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை வகுப்பின் கடைசி வாங்கில் இருத்தும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. குருபக்தி பற்றிப் பேசும் அதிபர்கள் முதலில் அந்த வாங்கைப் பார்க்க வேண்டும்.

வருகிற தை மாதம் கடமை பிரிக்குமுன் ஒவ்வொரு ஆசிரியரிடமும் "உங்களுக்கு என்ன நன்றாகத் தெரியும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொறுப்போடு அதற்குரிய காசையும் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் மறுத்துப் பேசியவர் சொன்னதையும் அப்படியே பதியுங்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் அதையும் வாசிக்கட்டும்.