இருபத்தைந்து வயதில் நெஞ்சுக்கு என்ன வந்துவிடும்?

காலை ஏழரைக்கு கோலாலம்பூர் செந்தூலில் எந்த மாமாக் கடைக்குப் போனாலும் பாதி மேசைகளில் வேலைக்குக் கிளம்பிய இளம் பிள்ளைகள்தான். ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். வாரத்தில் ஒரு நாள் என்றால் நான் வாயே திறக்கமாட்டேன். தினமும் இதுதான் என்றால் கவலையாக இருக்கிறது.

கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை வீசி, மார்ஜரின் தடவி, மடித்துப் போடுகிறார். திருப்பும்போது மேலே இன்னொரு கரண்டி எண்ணெய். அந்தப் பக்கம் தே கலக்குபவர் கிளாசின் அடியில் கட்டிப்பாலை ஊற்றுகிறார். அதில் ஏறக்குறைய பாதி சீனி! ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் சீனியை நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அலுவலகம் போய்ச் சேருமுன்பே அதில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது.

கல்லில் ஊற்றும் பாமாயில், நாசி லெமாக் சோற்றின் தேங்காய்ப்பால் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அது கூடினால் இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் இழுத்தெடுப்பது குறையும். மிஞ்சியது இரத்தக்குழாய்ச் சுவரில் மெல்ல மெல்லப் படியும். வலிக்காது, மூச்சும் வாங்காது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைச் சோதித்த முடிவு 1953இல் வெளிவந்தது. சராசரி வயது 22தான். நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் இருந்தது. அதிலும் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று பல நாடுகளில் மாரடைப்பை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது.

"தாத்தாவும் கட்டிப்பால் தேத்தண்ணி குடித்துத்தானே வாழ்ந்தார்?" என்று கேட்கிறார்கள். தாத்தா விடியுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் மதியம்வரை ரப்பர் பால்மரம் வெட்டியவர். நாம் எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து போய் நாற்காலியில் உட்காருகிறோம்.

பசியாறாமல் போங்கள் என்று சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு போனால் பத்து மணிக்குக் கை தானாகக் கரிபாப்பைத் தேடும். அதே கடையில் இட்லி இருக்கிறது, எண்ணெய் குறைத்த தோசை இருக்கிறது. சாம்பாரைத் தாராளமாகக் கேளுங்கள், பருப்பில் நார்ச்சத்து உண்டு. கூடவே பாலும் சீனியும் இல்லாத ஒரு தே ஓ கோசோங். கசக்கிறதென்றால் முதலில் குராங் மானிஸ், அதாவது சீனி குறைத்து என்று, சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் ஒன்று. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசின் பெக்கா பி40 இலவசப் பரிசோதனை 40 வயதிலிருந்துதான். இருபதுகளில் இருப்பவர்களை யாரும் கூப்பிட்டு இரத்தம் எடுப்பதில்லை, அதுதான் எனக்குக் கோபம். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், தம்பி தங்கைகளே, அரசு கிளினிக்கில் அதைச் சொல்லி கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.