முதல் இதழிலேயே தீர்ப்பு

கும்பகோணத்தில் எங்கள் காமிக்ஸ் நண்பர் குழுவில், ஒரு தொடர்கதை முடியும்வரை பொறுத்திருந்து பேச யாருக்கும் மனமில்லை என்பதுதான் என் தீராத எரிச்சல். அதிர்ச்சித் திருப்பம் ஒன்று வந்துவிட்டால் போதும். மகாமகக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த ஒற்றைப் பக்கத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டி, எழுத்தாளருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

2016 மே மாதம் வெளிவந்த புதுத் தொடரின் முதல் இதழின் முடிவில், அமெரிக்கக் காமிக்ஸ் நாயகனான கேப்டன் அமெரிக்கா, தான் காலமெல்லாம் எதிர்த்துவந்த நாஜிச் சாயல் கொண்ட வில்லன் கூட்டத்தை வாழ்த்தி ‘ஹெயில் ஹைட்ரா’ என்று சொன்னபோது நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நடந்ததையே மாற்றியமைக்கவல்ல காஸ்மிக் கியூப் என்ற மாயப் பொருளின் ஆற்றலால் அவருடைய கடந்தகாலமே மாற்றப்பட்டிருந்ததை அடுத்த மாதத்து இதழே விளக்கிவிட்டது; அதற்குள் எங்களில் பாதிப்பேர் அந்தத் தொடரைத் தலைமுழுகியிருந்தார்கள். 1992-இல் சூப்பர்மேனைக் கொன்று 1993-இல் மீட்டுக்கொண்டுவந்த தொழில் இது என்பதை அறிந்தவர்களே இப்படிக் குதிப்பதுதான் வேடிக்கை. மேட்டூரில் மதகைத் திறந்த மறுநாளே கடைமடை வயலில் நின்று விளைச்சல் பொய்த்துவிட்டதென்று ஒப்பாரி வைப்பார் உண்டா?

தான் அறிமுகமான, 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்ட நாயகனை, அதுவும் சைமன், கிர்பி என்ற இரண்டு யூதர்கள் படைத்தவனை, இப்படிக் காட்டியது வலித்தது என்றவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 2017-இல் கதை முடிந்தபோது, முடிவு சப்பென்றிருந்ததே என்று பேச நான் ஆள் தேடினால், எங்கள் நீதிபதிகள் வேறொரு முடியாத கதையில் யாரோ செத்ததற்குக் கண்டனம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.