ரேகை தேய்ந்துபோனால் ஆளே இல்லை என்று ஆகிவிடுமா?

ஒரு காணொளியை நேற்றிலிருந்து நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். முதியோர் பணத்துக்காக, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வந்த ஒரு பாட்டி தாலுகா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருப்பது, பேரன் குடை பிடித்து நிற்பது, உள்ளேயிருந்து "திங்கக்கிழமை வாங்க" என்று குரல் வருவது, எல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தக் குரலைவிட வலித்தது கீழே வந்த கருத்துகள். "விதிமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்கிறார் ஒருவர்.

விதிமுறை இருக்கட்டும். நடக்க முடியாதவரைத் தேடி ஆபீஸ்தான் நடந்து போகவேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். இன்று எங்கள் தெருவுக்கே தன்னார்வலர் பெண் வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மனதாரப் பாராட்டுகிறேன். மாத்திரை வீடு தேடி வருகிற மாநிலத்தில், "இந்த அம்மா உயிரோடு இருக்கிறார்" என்று எழுதிக்கொள்ள ஒரு ஆள் வர முடியாதா?

எங்கள் அத்தை நாற்பது வருடம் பீடி சுற்றியவர். விரல் நுனி வழவழவென்று இருக்கும். முதியோர் பணம் வாங்கப் போனால் மெஷினில் ரேகை விழாது. முந்தானையில் துடைப்பார், தேங்காய் எண்ணெய் தடவுவார், மறுபடி அழுத்துவார். சிவப்பு விளக்குதான் எரியும். மூன்று மாதம் பணம் வரவில்லை. கண்ணை வைத்தும் சரிபார்க்கலாம் என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை. "விரலக் கூடவா நான் களவாண்டுட்டு வந்தேன்?" என்று அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மைதான், ஒரு கிராம நிர்வாக அலுவலர் எத்தனை வேலைதான் பார்ப்பார்? அப்படியென்றால் ஆள் போடச் சொல்லிக் கேளுங்கள். பாட்டியைப் படியில் உட்கார வைப்பது அதற்குப் பதில் ஆகாது.

போலிப் பயனாளிகள் இருக்கிறார்களாம். இருந்தால் பிடியுங்கள். பிடிக்கவும் வீட்டுக்குத்தானே போகவேண்டும்? எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: ஆபீஸ்தான் நடந்து போகவேண்டும்.

அப்புறம், இந்த முதியோர் பணத்துக்குக் கருத்துகளில் வைத்திருக்கும் "இலவசம்" என்ற வார்த்தை. மாதம் 1,200 ரூபாய். 2023 வரை அது 1,000தான். மத்திய அரசுத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு 80 வயது ஆகும்வரை டெல்லியின் பங்கு வெறும் 200 ரூபாய். இதை வாங்குகிறவரைப் பார்த்துச் சொல்ல உங்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா?

"பெத்த பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று ஒரு நண்பரே எழுதியிருக்கிறார். அதுதான் இரவெல்லாம் உறுத்தியது. அத்தை மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். முடிந்ததை அனுப்புகிறான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று மாதமும் அத்தை வெற்றிலை போடவே இல்லை. அவனிடம் கேட்டிருந்தால் வாங்கித் தந்திருப்பான். அத்தை கேட்கவில்லை.