‘5000 வாட்ஸ்’ அம்ப்: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் அம்ப், அதாவது பாட்டின் ஒலியைப் பெருக்கும் கருவி பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது: ‘லட்சக்கணக்கில் விற்கும் 100 வாட்ஸ் பவர் அம்ப் ஏமாற்று, 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. பாட்டுப் பெட்டிதான் பலம்.’

இது தவறு. பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்திக் கணக்கு. அதற்குப் பொது அளவுகோலே கிடையாது. பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரும் சக்தியை. உப்புவெளியில் நண்பர் வீட்டுப் பெட்டியைத் திருப்பினோம். தூசி தட்டியதும் தகட்டில் தெரிந்தது: ‘230 வோல்ட், 60 வாட்ஸ்’. சுவரிலிருந்து 60 எடுப்பது 5000 எப்படித் தரும்? தொடர்ந்து அறுபதுகூடத் தராது, ஒரு பங்கு சூடாகவே போய்விடும். அப்புறம், வாட்ஸ் இரட்டித்தாலும் ஒலி அளவில் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கேட்கும்.

விலை கூடியதெல்லாம் நல்லது என்றும் சொல்லவில்லை, அது வேறு கதை. உங்கள் பெட்டியின் பின்தகட்டை நீங்களே பாருங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.