‘டிரான்ஸ்பர் ஆகும்’ என்றால் என்ன அர்த்தம்?

போன வாரம் இங்கே கலிபோர்னியாவில், லிவர்மோர் கோயிலில் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க பையன் கம்யூனிட்டி காலேஜ் வழியா போனானாமே சார்? எங்க பொண்ணுக்கும் அப்படித்தான் யோசிக்கிறோம். கிரெடிட் எல்லாம் டிரான்ஸ்பர் ஆகும்ல?" என்று கேட்டார். கையில் புளியோதரைத் தொன்னை, பின்னால் ஆரத்திக்குக் கூட்டம். "ஆகும் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். காரில் ஏறியதும் மனைவி கேட்டாள்: "இதே வார்த்தையை நம்மகிட்ட சொன்னாங்களே, அப்புறம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருடக் கல்லூரி; அங்கே படித்த பாடங்களின் கிரெடிட்டோடு நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதைத்தான் டிரான்ஸ்பர் என்கிறார்கள். கிரெடிட்டை எண்ணும் அளவு யூனிட்.

முதலில் அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றி. கம்யூனிட்டி காலேஜ் என்றாலே நம் ஆட்களுக்கு ஏன் இந்தக் கூச்சம் என்று எனக்குப் புரிவதில்லை. கலிபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. இந்த மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். 2012லிருந்து இதே கட்டணம்தான். அங்கே தரும் இரண்டு வருட அசோசியேட் டிகிரிக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். எத்தனை வீட்டு ஐபோன்கள் அந்த விலைக்குப் பக்கத்தில் வருகின்றன! படிப்பு மட்டம் என்பதும் பொய். என் பையனுக்குக் கால்குலஸ் எடுத்தவரைப் போல ஒரு வாத்தியார் எனக்கு வாய்த்திருந்தால் நான் அரியர் வைத்திருக்க மாட்டேன். ஆகவே கூச்சத்தை விட்டுவிடுங்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு.

என் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி, செமஸ்டர் முறை. அங்கே கால்குலஸ் முதல் பகுதியை முடித்தான். கோடையில் இரண்டாம் பகுதியையும் முடித்துவிடலாம் என்று இன்னொரு கல்லூரியில் சேர்ந்தான். அது வருடத்தை இன்னும் சின்னப் பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. எந்தப் பாடம் எடுக்கலாம் என்று வழிகாட்டும் கல்லூரிக் கவுன்சிலரைக் கேட்டான். "டிரான்ஸ்பரபிள்" என்றார். அந்தம்மா சொன்னது பொய்யில்லை, இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. கிரெடிட் மதிப்பீட்டுத் தாள் வந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் அதை விரித்துவைத்து நானும் அவனும் மஞ்சள் மார்க்கரோடு உட்கார்ந்தோம். மேலே கொட்டை எழுத்தில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட யூனிட்: 68.33’. நான் சிரித்தே விட்டேன், ஒன்றுகூடப் போகவில்லை பார் என்று. அவன் சிரிக்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினான். டிகிரிக்கு வேண்டிய பாடங்களில் வரவு வைத்தது 47. மிச்சம் 21.33 யூனிட்டுக்கு எதிரே ‘எலெக்டிவ்’ என்ற ஒரே சொல். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியில் இஷ்டப்பட்டதைப் படிக்க இடமே மிகக் கொஞ்சம். அதில் 21 யூனிட்டை எங்கே கொண்டுபோய் அடைப்பது?

அந்தப் புள்ளி 33 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். கோடையில் படித்த கால்குலஸ். குவார்ட்டர் முறையில் ஒரு யூனிட் என்பது செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அவன் படித்த 5 யூனிட் இங்கே 3.33 ஆகிவிட்டது. அதைவிட மோசம், செமஸ்டர் கல்லூரி மூன்று துண்டாகப் போடும் கால்குலஸை அந்தக் கல்லூரி நான்கு துண்டாகப் போடுகிறது. அதில் இரண்டாம் துண்டை மட்டும் படித்தவன் இங்கே இரண்டாம் பகுதியை முழுதாகப் படித்தவன் ஆக மாட்டான். ஏ கிரேடு வாங்கிய பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தான். பைத்தான் புரோகிராமிங் வகுப்புக்கும் இதே கதிதான், அவர்கள் கேட்ட மொழி சி++. பிசினஸ் படிக்கலாமா என்று ஊசலாடிய காலத்தில் எடுத்த பிசினஸ் லா, போட்டோகிராபி எல்லாம் அந்த எலெக்டிவ் மூட்டையில்.

‘ஏற்றுக்கொள்கிறோம்’ வேறு, ‘கணக்கில் வைக்கிறோம்’ வேறு. முன்னது மரியாதை, பின்னதுதான் காசு. கல்யாணத்துக்கு வந்தவர் எல்லாரையும் வாங்க என்று கூப்பிடுவார்கள், பந்தியில் இலை போடுவது வேறு விஷயம் இல்லையா?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004க்கும் 2009க்கும் இடையில் கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறினால்கூட 37 சதவீதம். ஒரே அரசாங்கத்தின் ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்குப் பணம் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீழே விழுகிறது. வங்கியில் இப்படி நடந்தால் சும்மா இருப்போமா?

இதற்கு வழியே இல்லை என்றால் தலைவிதி என்று விட்டுவிடலாம். ஆனால் கலிபோர்னியாவில் வழி இருக்கிறது, சட்டமாகவே இருக்கிறது. 2010ல் வந்த எஸ்பி 1440 சட்டம், ‘டிரான்ஸ்பருக்கான அசோசியேட் டிகிரி’ என்று ஒன்றை உருவாக்கியது. ஏடிடி என்பார்கள். வரையறுத்த 60 யூனிட்டை முடித்து அந்த டிகிரியோடு போனால், கால் ஸ்டேட் என்கிற கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் வளாகங்களில் ஏதோ ஒன்றில் இடம் உறுதி. அதற்குப் பொருந்தும் துறையில் சேர்ந்தால் மேலும் 60 யூனிட்டுக்கு மேல் படிக்கச் சொல்லக் கூடாது. பாடத்துக்குப் பாடம் பேரம் கிடையாது. மூட்டையாகக் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். சில்லறையாகக் கொடுத்தால் ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்க்கிறார்கள். என் பையன் கொடுத்தது சில்லறை.

அவனிடம் 60க்கு மேல் யூனிட் இருந்ததே, ஏன் டிகிரி இல்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 60 என்பது ஒரு நிபந்தனைதான். எந்தத் துறைக்காரரும் படிக்க வேண்டிய பொதுப்பாடங்கள் ஒவ்வொரு பிரிவிலும் நிரம்பியிருக்க வேண்டும், முதன்மைப் பாடத்தில் குறைந்தது 18 யூனிட், சராசரி 2.0, டிகிரி தரும் கல்லூரியிலேயே 12 யூனிட். அதற்கப்புறம் டிகிரி கேட்டு நாம்தான் விண்ணப்பம் போட வேண்டும்; தானாக வீடு தேடி வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவனுக்கு எத்னிக் ஸ்டடீஸ் என்ற பொதுப்பாடம் 3 யூனிட்டும் இந்தப் பாழாய்ப்போன கால்குலஸும் பாக்கி. 68.33 யூனிட் படித்து, கையில் ஒரு தாள்கூட இல்லாமல் கிளம்பினான்.

நான் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் படித்தவன். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருட பி.இ.யில் உட்கார்ந்தேன். உன் பாலிடெக்னிக்கில் இந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை. டிப்ளமோ இருக்கிறதா, இருக்கிறது, போய் உட்கார். அதிலும் கோளாறு உண்டு. முதல் வருடக் கணக்குப் பாடங்களான எம்-1, எம்-2 படிக்காமல் நேராக எம்-3யில் விழுந்து, எங்கள் லேட்டரல் பெஞ்சு மொத்தமும் அரியர் வைத்தது. ஆனாலும் எனக்குத் தெரியாததை நான்தான் இரவு உட்கார்ந்து படித்தேன். படித்ததையே மறுபடி காசு கட்டிப் படிக்கச் சொன்னதில்லை.

இந்த விஷயத்தில் என் கோபம் கவுன்சிலர்கள் மேல் இல்லை, ஒரு மாணவனுக்கு அரை மணி நேரம்தான் கொடுக்கிறார்கள். இரண்டு கல்லூரிப் பாடங்கள் ஒன்றா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது கல்லூரிகள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய வேலை. இப்போது கொஞ்சம் அசைந்திருக்கிறார்கள். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கால் ஸ்டேட், யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) இரண்டுக்கும் ‘கால்-கெட்சி’ என்ற ஒரே பொதுப்பாடப் பட்டியல், 11 பாடம், 34 யூனிட். அதே பருவத்தில் பொது எண் முறையும் தொடங்கியது. முதல் இங்கிலீஷ் பாடம் எந்தக் கம்யூனிட்டி காலேஜிலும் ‘சி1000’தான். இந்த இரண்டுக்கும் சட்டம் வந்தது 2021ல். என் பையனின் கால்குலஸுக்கு இதனால் லாபமில்லை, சரி.

பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். ‘அசிஸ்ட்’ என்ற அரசுத் தளத்தில் எந்தக் கல்லூரியிலிருந்து, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, என்று மூன்றையும் கொடுத்தால் பாடத்துக்குப் பாடம் பட்டியல் வரும். இரண்டு கம்யூனிட்டி காலேஜுக்கு நடுவே மாறுவதை அது சொல்லாது. நாங்கள் விழுந்த குழி அதுதான். சிலபஸ் பிடிஎஃப்களைப் பருவம் முடிந்ததும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராபிக்காக நாங்கள் முறையிட்டபோது முதலில் கேட்டது சிலபஸைத்தான். அது ஒன்று மட்டும் இருந்தது. அந்த 3 யூனிட் கலைப் பாடமாக எலெக்டிவ் மூட்டையிலிருந்து வெளியே வந்தது. பைத்தான் வகுப்பின் சிலபஸ் கல்லூரித் தளத்தோடு போய்விட்டது.

கோயிலில் கேட்ட அந்த சாருக்கு நேற்று போன் செய்தேன். "ஆகும்னு சொன்னேன்ல, அது அரைகுறை பதில். பொண்ணு எந்த காலேஜ், எந்த யுனிவர்சிட்டி, எந்த மேஜர்னு சொல்லுங்க" என்றேன். "மேஜர் இன்னும் முடிவு பண்ணல சார்" என்றார். அப்படியென்றால் முதல் வருடம் பொதுப்பாடத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன். கோடை வகுப்பு என்றால் சேரும் முன் என்னை ஒரு தடவை கூப்பிடச் சொன்னேன்.