போகித் தீயில் போட்ட பிளாஸ்டிக் உரமாகாது

போகி நெருங்கினால் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “வீட்டில் சேர்ந்த பழையதை எல்லாம் எரியுங்கள். புகை கிருமியைக் கொல்லும், சாம்பல் வயலுக்கு உரம்.”

இது தவறு. விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) உண்டு என்பது மட்டுமே இதில் உண்மை. உடைந்த நாற்காலி, வயர், பெயிண்ட் டப்பா, பாலியஸ்டர் சேலை எரிந்த சாம்பல் வேறு. வயர், குழாய் செய்யும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் ஆன பழைய பொருட்கள் பலவற்றில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருக்கும்; அந்த உலோகங்கள் எரிந்து அழிவதில்லை. பிவிசி எரியும்போது டையாக்சின் என்ற நச்சும் உண்டாகிறது. அது மண்ணில் பல ஆண்டுகள் தங்கும், தீவனம் வழியாகப் பாலுக்கும் வரும். அந்தப் புகை கிருமிக்கு மருந்தல்ல. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் வீட்டுப் பெரியவருக்கும் நேரடிக் கேடு. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்துவிட்டன.

வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கிழிந்த கோரைப்பாய், ஓலை விசிறி, தென்னங்கயிறு எருக்குழிக்குப் போகட்டும், மட்கிவிடும். நூல் சேலை தூளிக்கும் கரித்துணிக்கும் ஆகும். பித்தளை, வெண்கலத்தைக் கும்பகோணம் பாத்திரக்கடைகளில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். உருக்கினால் மறுபடி குத்துவிளக்காகும். பிளாஸ்டிக்கையும் இரும்பையும் பழைய சாமான்காரரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். எல்இடி அல்லாத பழைய டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் அட்டையில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.