செல்லைக் கொன்றால் மருந்தாகிவிடுமா?

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். ஏதோ மூலிகைச் சாறு புற்றுநோய் செல்களை ஒரே நாளில் கொன்றுவிடுகிறதாம். கீழே அவரே எழுதியிருந்தார்: "அப்பாவுக்கு கீமோவை நிறுத்திட்டு இதைக் குடுக்கலாமா?"

படித்ததும் நெஞ்சு பதறியது.

படிக்கும் காலத்தில் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்வோம். உப்புக் கரைசலில் ரத்தச் சிவப்பணுக்கள் மிதக்கும் சோதனைக்குழாய். கலங்கலாக இருக்கும், பின்னால் பிடித்த தாளில் எழுத்து தெரியாது. அதில் சப்போனின் சில சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் கலங்கல் போய்விடும். சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல எழுத்தைப் படிக்கலாம். அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டியதால் வந்த தெளிவு அது. பல மூலிகைகளில் இருக்கும் இந்தச் சப்போனின், செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான செல் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடுகிறது. நல்ல செல், கெட்ட செல் என்று அது பார்ப்பதில்லை.

செல் சவ்வின் கனம் சுமார் 5 நானோமீட்டர்தான். மஞ்சளிலுள்ள குர்குமின், மிளகாயிலுள்ள கேப்சைசின், திராட்சையிலுள்ள ரெஸ்வெரட்ரால் போன்றவை அதற்குள் புகுந்து அதன் விறைப்பையே மாற்றுவதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களும் கூடவே தடுமாறும். அதனால் ஒரே பொருள் இருபது புரதங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சவ்வின் மேல்தான் சந்தேகம் போகும்.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா விஷயம் இன்னும் பயங்கரம். அங்கே செல்லின் எரிபொருளான ஏடிபி உருவாவதே உள்சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) அளவு வித்தியாசத்தை வைத்துத்தான். ஆஸ்பிரின் வகை மருந்தான சாலிசிலேட் அளவு மீறிப் போனால் புரோட்டான்கள் குறுக்கு வழியில் கசியும். ஆற்றல் ஏடிபி ஆகாமல் வெறும் சூடாகப் போகும், உடம்பு கொதிக்கும். சில செடிகளின் வேரிலுள்ள அட்ராக்டிலோசைடு என்ற நஞ்சு வேறு மாதிரி: ஏடிபி வெளியே வரும் வாசலையே அடைத்துவிடும். அது உள்ள வேரைக் கஷாயம் வைத்துக் குடித்துக் கல்லீரல் கெட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மூலிகைதான்.

தாவரங்களிலிருந்து நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன, இனியும் வரும். டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்து பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்தது. கீமோவில் இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் எந்த அளவில், எந்த செல்லில், ரத்தத்தில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்த பிறகுதான் அது மருந்தானது. குர்குமினை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

நண்பர் அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன். அதே சாறு நல்ல செல்லை என்ன செய்தது என்று ஒரு வரிகூட இல்லை. உடனே போன் போட்டு அதைத்தான் சொன்னேன். அடுத்த கீமோவுக்கு அப்பாவைக் கூட்டிப் போகிறேன் என்றார்.